நாற்பதைக் கடந்தவர்களுக்கு: நின்றுபோகாத உடற்பயிற்சி வழக்கத்தை அமைத்துக்கொள்வது எப்படி?

நாற்பது வயதைக் கடந்து உடற்பயிற்சியைத் தொடங்குகிறவர்களில் பலர் உண்மையில் அதை முதன்முறையாகத் தொடங்குவதில்லை. ஏற்கெனவே இரண்டு மூன்று முறை தொடங்கி, ஆறாவது வாரத்திலோ எட்டாவது வாரத்திலோ கைவிட்டவர்களாகவே அவர்கள் இருப்பார்கள். நானும் அப்படிப்பட்டவன்தான். நாற்பத்து நான்காம் வயதில், வாரத்துக்கு ஆறு நாள் ஓடுவது என்று முடிவு செய்து, முதல் இரண்டு வாரமும் ஒரு நாள்கூடத் தவறாமல் ஓடினேன். மூன்றாவது வாரத்தில் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் வீங்கி, காலை ஊன்றவே முடியாமல் போயிற்று. அது ஆறுவதற்குள் இரண்டு மாதம் கடந்துவிட்டது; ஓட வேண்டும் என்ற எண்ணமும் அதற்குள் வடிந்துவிட்டது. அடுத்த முறை தொடங்கியபோது அலுவலக வேலை நெருக்கியதால் நிறுத்தினேன். மூன்றாவது முறை தொடங்கியதுதான் ஒன்பது ஆண்டுகளாக இன்றுவரை தொடர்கிறது. இடைப்பட்ட காலத்தில் என் மன உறுதி கூடிவிட்டதாக நான் நினைக்கவில்லை. திட்டத்தின் அளவைக் குறைத்தேன், அவ்வளவே.

இதுவரை உடற்பயிற்சியே செய்யாதவர்களுக்கும், விட்டுவிட்டு மறுபடி தொடங்க நினைப்பவர்களுக்கும் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது இதுதான்: எல்லாம் சீராக இருக்கும் வாரத்தை மனத்தில் வைத்துத் திட்டமிடாதீர்கள்; உங்கள் வாழ்க்கையில் அவ்வப்போது வந்துபோகும் மிக மோசமான வாரத்தை மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு கருத்தின் மீதே அமைந்தவை.

தொடங்கும் முன் அறிந்துகொள்ள வேண்டியவை

நடுத்தர வயதில் உடலில் நிகழும் மாற்றங்களைப் பற்றி அச்சமூட்டும் பேச்சு நிறைய உண்டு. அதில் பாதி உண்மை. முப்பது வயதுக்குப் பிறகு, உழைப்பில்லாத உடல் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு தசையை இழக்கிறது. அறுபதுக்குப் பிறகு இந்த இழப்பு வேகமெடுக்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களுக்கு எலும்பின் அடர்த்தியும் விரைவாகக் குறைகிறது. ஆனால், நாற்பதைத் தொட்டவுடன் உடலின் ஆற்றல் செலவு தானாகவே சரிந்துவிடும் என்ற பரவலான நம்பிக்கைக்குப் போதிய ஆதாரம் இல்லை. பல நாடுகளைச் சேர்ந்த 6,000க்கும் மேற்பட்டோரின் அளவீடுகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, உடலின் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால், ஆற்றல் செலவு இருபது வயதிலிருந்து அறுபது வயதுவரை ஏறத்தாழ ஒரே நிலையில் இருப்பதாகக் காட்டியது. ஆகவே, நடுவயதில் இடுப்பு பெருப்பதற்கு வயதை மட்டும் குற்றஞ்சொல்வதில் பொருளில்லை. நாம் அசைவதும் உண்பதும் உறங்குவதும் மாறியிருப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதைவிடவும் எனக்கு நம்பிக்கை தந்தது இன்னோர் ஆய்வு. 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், இருபது வயதையொட்டிய ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் முழுக்கப் படுக்கையிலேயே வைத்து, அவர்களுடைய இதயமும் நுரையீரலும் எவ்வளவு உழைப்பைத் தாங்குகின்றன என்று அளந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 1996இல், அதே ஐவரையும் தேடிப் பிடித்து மீண்டும் அளந்தார்கள். முப்பது ஆண்டு வயதேற்றம் அவர்களுடைய திறனைக் குறைத்ததைவிட, இளமையில் அனுபவித்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது தெரியவந்தது. பிறகு அந்த ஐவரும் நடை, மெதுவோட்டம், மிதிவண்டி ஆகியவற்றை ஆறு மாதம் பயின்றார்கள். பயிற்சியைச் சிறுகச் சிறுகக் கூட்டி, இறுதியில் வாரத்துக்கு ஏறத்தாழ நான்கரை மணி நேரத்தை எட்டினார்கள். முடிவில், ஐம்பது வயதில் இருந்த அவர்களுடைய ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறன், முப்பது ஆண்டுகளுக்கு முன் படுக்கையில் விழுவதற்கு முன்பிருந்த அளவுக்குத் திரும்பியது. ஐந்தே பேரை வைத்துச் செய்த ஆய்வு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும், நடுவயதில் நாம் வயதின் கணக்கில் எழுதிவிடுகிற தளர்ச்சியில் கணிசமான பங்கு அசையாமையால் வந்தது என்பதையும், அதைத் திருப்பிப் பெற முடியும் என்பதையும் அது தெளிவாகக் காட்டுகிறது.

முதற்படி: மருத்துவரைப் பார்ப்பது

மெதுவாக நடக்கத் தொடங்குவதற்கு யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. ஆனால் இதய நோய், நீரிழிவு, சிறுநீரக நோய், உயர் ரத்த அழுத்தம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலோ, நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ வந்திருந்தாலோ, நெருங்கிய உறவினர் யாரேனும் இளம் வயதில் மாரடைப்புக்கு ஆளாகியிருந்தாலோ, வேகத்தைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அவரிடம் "உடற்பயிற்சி செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "தாராளமாகச் செய்யுங்கள்" என்ற பொதுவான விடையே கிடைக்கும். நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலைக் காட்டி, ஒவ்வொன்றும் பயிற்சியோடு எப்படிச் சேரும் என்று கேளுங்கள். பீட்டா பிளாக்கர் வகை மருந்து எடுப்பவர்களுக்கு இதயத் துடிப்பு போதிய அளவு உயராது. ஆகவே துடிப்பை எண்ணிப் பயிற்சியின் கடுமையை அளப்பது அவர்களுக்குப் பொருந்தாது. இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போதும், அது முடிந்து பல மணி நேரம் கழித்தும் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும்; உணவையும் மருந்தையும் எந்த நேரத்தில் வைத்துக்கொள்வது என்பதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், கனமான எடையைத் தூக்கலாமா என்பதைக் கண் மருத்துவரிடம் தனியாகக் கேட்பது அவசியம்.

இரண்டாம் படி: இன்றைய நிலையை எழுதிவைப்பது

எடை பார்க்கும் கருவியை மட்டும் அளவுகோலாகக் கொண்டவர்கள் விரைவில் மனம் சோர்ந்துவிடுகிறார்கள். உடற்பயிற்சி மட்டுமே எடையைக் குறைப்பது மிகவும் மெதுவாக நடக்கும் செயல். தசை சற்றுக் கூடிக் கொழுப்பு சற்றுக் குறைந்தால் எடை மாறாமலே இருக்கவும் கூடும். எனவே தொடங்கும் நாளில் நான்கு அளவுகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஒரு நாற்காலியிலிருந்து 30 வினாடிக்குள் எத்தனை முறை முழுமையாக எழுந்து அமர முடிகிறது என்பது முதலாவது. எதையும் பிடிக்காமல் ஒற்றைக் காலில் எத்தனை வினாடி நிற்க முடிகிறது என்பது இரண்டாவது. சுவரின் அருகே நின்று செய்யுங்கள். 51 முதல் 75 வயதுவரை உள்ளோரிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஓர் ஆய்வில், 10 வினாடி நிற்க முடியாதவர்களிடம் அடுத்து வந்த ஆண்டுகளில் இறப்பு அதிகமாக இருந்தது. ஒற்றைக் காலில் நிற்காததால் அவர்கள் இறந்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை, உடலின் பொதுநிலையை அந்தப் பத்து வினாடி ஓரளவு வெளிக்காட்டிவிடுகிறது என்பதே பொருள். மேடுபள்ளமில்லாத பாதையில் ஒரு கி.மீ. தூரத்தை மூச்சு வாங்காமல் நடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பது மூன்றாவது. இடுப்புச் சுற்றளவு நான்காவது. அது உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது. அதாவது, 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 80 செ.மீ.க்குக் கீழே.

எழுதிவைத்த பிறகு, பன்னிரண்டு வாரத்துக்கு அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டாம்.

மூன்றாம் படி: அடிமட்ட அளவைத் தீர்மானிப்பது

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். என் முதலிரண்டு முயற்சிகளும் தோற்றது இங்கேதான். கடந்த மூன்று மாதங்களை நினைத்துப் பாருங்கள். வீட்டில் ஒருவருக்கு உடல்நலமில்லாமல் போன வாரம், வேலை நள்ளிரவுவரை நீண்ட வாரம், தொடர்ந்து பயணம் செய்த வாரம் என்று ஏதோ ஒன்று இருந்திருக்கும். அந்த வாரத்தில், உண்மையாகச் சொன்னால், உங்களால் எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்க முடியும்? அந்த அளவே உங்கள் அடிமட்டம். எனக்கு அது நாளொன்றுக்குப் பத்து நிமிட நடை, வாரத்தில் இருமுறை பத்து நிமிட வலிமைப் பயிற்சி என்று அமைந்தது. உங்களுக்கு அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

இவ்வளவு சிறியதால் என்ன பயன் என்று தோன்றும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடுமையான உழைப்பு. அத்துடன் வாரத்தில் இரண்டு நாளாவது முக்கியத் தசைகள் அனைத்துக்குமான வலிமைப் பயிற்சி. இது சென்றடைய வேண்டிய இடம். ஆனால் அதே நிறுவனம் 2010இல் வெளியிட்ட பரிந்துரையில், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் வரும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். துண்டு துண்டாகச் சேரும் உழைப்பும் உடலுக்குப் பயன்படுகிறது என்பதுதான் காரணம். மேலும், ஒன்றுமே செய்யாதவர் கொஞ்சம் செய்யத் தொடங்கும்போது கிடைக்கும் நன்மைதான் மிகப் பெரியது. ஏற்கெனவே நிறையச் செய்கிறவர் மேலும் கொஞ்சம் கூட்டுவதால் கிடைப்பது அதைவிடக் குறைவு.

நடப்பவர்கள் பலரும் துரத்தும் பத்தாயிரம் அடி என்ற எண்ணையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரே "பத்தாயிரம் அடி மானி" என்ற பொருள் தருவது. அந்த எண் அப்படிப் பரவியதுதான். சராசரியாக 72 வயதான பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. நடுவயதினருக்கு இந்த எல்லை சற்று மேலே இருக்கக்கூடும். ஆனால், பத்தாயிரத்தை எட்டாத நாளெல்லாம் வீணான நாள் என்று நினைத்து யாரும் நடையை நிறுத்திவிடக் கூடாது.

அடிமட்டத்தைத் தீர்மானித்த பின், அதை ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு இணைத்துவிடுங்கள். காலையில் பல் துலக்கியவுடன், வேலைக்கு இடையே வரும் மதிய இடைவேளையில், வீடு திரும்பி உடை மாற்றும்போது என்று ஏதேனும் ஒன்றாக இருக்கலாம். "நேரம் கிடைக்கும்போது" என்பது மட்டும் வேண்டாம். ஒரு செயல் பழக்கமாக எவ்வளவு நாளாகும் என்று லண்டனில் 96 பேரிடம் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. எனவே மூன்று வாரத்தில் பழக்கமாகவில்லை என்று உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

நான்காம் படி: நடை

முதல் நான்கு வாரமும் நடை மட்டும் போதும் என்பது என் கருத்து. வேகத்தை அளக்கக் கருவி தேவையில்லை. நடந்துகொண்டே உடன் வருபவரிடம் முழு வாக்கியங்களில் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுவே மிதமான உழைப்பு. நான்கைந்து சொற்களுக்கு ஒரு முறை மூச்சுக்காக நிறுத்த வேண்டியிருந்தால் அது கடுமையான உழைப்பு. 220இலிருந்து வயதைக் கழித்து உச்ச இதயத் துடிப்பைக் கண்டறியும் கணக்கு எளிது என்றாலும், தனிநபருக்கு அது பத்து துடிப்புக்கும் மேலாகப் பிழையாக வரக்கூடும். பேச்சை வைத்து அளப்பதே நம்பகமானது.

முதல் வாரம் பத்து நிமிடம். பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் மட்டும் கூட்டுங்கள். இருபத்தைந்து நிமிடம் சிரமமின்றி நடக்க முடிந்த பிறகு, நடுவில் ஒரு நிமிடம் வேகமாகவும் இரண்டு நிமிடம் இயல்பாகவும் மாறி மாறி நடக்கலாம். படிக்கட்டோ மேடோ இருந்தால் இன்னும் நல்லது. 1950களில் லண்டன் பேருந்துகளில் வேலை பார்த்தவர்களை ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்தபோது, நாள் முழுவதும் அமர்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, இரண்டடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிச் சீட்டு கொடுத்த நடத்துநர்களிடம் இதய நோய் குறைவாக இருந்ததைக் கண்டார். அந்த நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சி என்று நினைத்து அதைச் செய்யவில்லை.

முழங்கால் வலி உள்ளவர்கள் நடைக்குப் பதிலாக மிதிவண்டியையோ நீச்சலையோ தேர்ந்தெடுக்கலாம். எது என்பது முக்கியமன்று. அதை நீங்கள் வெறுக்காமல் இருப்பது முக்கியம்.

ஐந்தாம் படி: வலிமைப் பயிற்சி

நடுவயதில் நடைப்பயிற்சியோடு நின்றுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். நடை இதயத்தைக் காக்கிறது. ஆனால் தசை இழப்பைத் தடுக்க அது போதாது. தசை தன்மீது சுமை ஏறும்போதுதான் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது, எலும்பும் அவ்வாறே. "இந்த வயதில் இனி எடை தூக்கி என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்களுக்கு 1990இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்வேன்: பராமரிப்பு இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதையொட்டிய பத்து முதியவர்கள் எட்டு வாரக் கால் வலிமைப் பயிற்சியைத் தொடங்கினார்கள், முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது.

ஐந்தாவது வாரத்தில், வாரத்துக்கு இரண்டு நாள் என்று இதைத் தொடங்குங்கள். இரண்டுக்கும் இடையில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்வது உங்கள் விருப்பம். தொடங்குவதற்கு ஒரு நாற்காலியும், சுவரும், ஒரு ரெசிஸ்டன்ஸ் பேண்டும் (இழுத்துப் பயிற்சி செய்வதற்கான ரப்பர் பட்டை), ஓரிரு டம்பெல்களும் போதும். டம்பெல் இல்லையென்றால் நீர் நிரப்பிய புட்டி, புத்தகங்கள் அடுக்கிய பை ஆகியவற்றை வைத்தே முதல் இரண்டு மாதத்தை ஓட்டிவிடலாம். ஆயிரம் வகைப் பயிற்சிகள் இருந்தாலும், அடிப்படை அசைவுகள் ஐந்துதான்.

முதலாவது, அமர்ந்து எழுதல். நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து, பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, குதிகாலை ஊன்றிக் கைகளின் உதவியின்றி எழுங்கள். அமரும்போது பொத்தென்று விழாமல் மூன்று வரை எண்ணி மெதுவாக இறங்குங்கள். இறங்கும் அந்த மூன்று எண்ணிக்கையில்தான் தொடைத் தசை நன்றாக உழைக்கிறது. பழகிய பின் நாற்காலியை அகற்றிவிட்டால் அதுவே ஸ்க்வாட். இரண்டாவது, தள்ளுதல். முதலில் சுவரில் கை ஊன்றியும், பிறகு மேசை விளிம்பில் ஊன்றியும், கடைசியாகத் தரையிலும் புஷ்-அப் செய்வது. மூன்றாவது, இழுத்தல். பேண்டை உறுதியான ஒன்றில் மாட்டி, முழங்கைகளை விலாவை ஒட்டிப் பின்னால் இழுப்பது. நாள் முழுவதும் திரை முன் குனிந்திருப்பவர்களின் மேல்முதுகுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. நான்காவது, முதுகைக் கூன விடாமல் இடுப்பு மூட்டில் மடிந்து ஓர் எடையைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்வது. இதை முதலில் எடையில்லாமல், சுவருக்கு ஓரடி முன்னால் முதுகைக் காட்டி நின்று, பின்புறத்தால் சுவரைத் தொடுவதுபோலப் பழக வேண்டும். ஐந்தாவது, இரு கைகளிலும் எடையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நடப்பது. கைப்பிடி, தோள், வயிறு, முதுகு எல்லாம் ஒரே நேரத்தில் உழைக்கும்.

முதல் நான்கு அசைவுகளிலும் 8 முதல் 12 முறை ஒரு சுற்று. ஐந்தாவதில் அரை நிமிட நடை ஒரு சுற்று. முதல் மாதம் ஒவ்வொன்றிலும் ஒரு சுற்றும், பிறகு இரண்டு சுற்றும் செய்யலாம். சுற்றை முடிக்கும்போது "இன்னும் இரண்டு மூன்று முறை செய்திருக்க முடியும்" என்ற நிலையில் நிறுத்துங்கள். பன்னிரண்டு முறைக்குமேலும் எளிதாகச் செய்ய முடியும் என்றால் சுமை குறைவு. கடைசி முறையில் உடல் கோணுகிறது என்றால் சுமை அதிகம். மூச்சை அடக்கக் கூடாது: அடக்கிக்கொண்டு முக்கினால் ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். எடையை உயர்த்தும்போது மூச்சை வெளியே விட்டு, இறக்கும்போது உள்ளே இழுப்பதைத் தொடக்கத்திலிருந்தே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தொடங்கும் முன் ஐந்து நிமிடம் நடந்தும், தோள்களையும் இடுப்பையும் சுழற்றியும் உடலைச் சூடாக்கிக்கொள்வது நாற்பதுக்குப் பிறகு விட்டுவிடக் கூடாத ஒன்று. ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியை இதோடு சேர்த்துவிடலாம். சுற்றுகளுக்கு இடையிலான ஓய்வு நேரமே அதற்குப் போதும்.

ஆறாம் படி: கூட்டுவதும், கூட்டாமல் இருப்பதும்

என் தசைநாண் ஏன் வீங்கியது என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே மூச்சும் தசையும் பழகிவிடுகின்றன. "இன்னும் ஓடலாம்" என்ற தெம்பு வந்துவிடுகிறது. ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அவை உறுதிப்படுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். தெம்பு முன்னே ஓட, தசைநாண் பின்தங்கி நிற்கும் அந்த இடைவெளியில்தான் நடுவயதினர் காயப்படுகிறார்கள். ஆகவே முதல் மூன்று மாதம், உங்களால் முடிவதைவிடக் குறைவாகச் செய்வதைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே கொள்ளுங்கள்.

வலிமைப் பயிற்சியில் கூட்டும் முறை எளிது. ஓர் எடையில் 8 முறை தொடங்கி, இரண்டு சுற்றிலும் 12 முறை எட்டும்வரை எடையை மாற்றாதீர்கள். எட்டிய பிறகு, கிடைக்கும் மிகச் சிறிய அளவு எடையைக் கூட்டி, மறுபடி 8இலிருந்து தொடங்குங்கள். நடையில் நேரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள்.

வலியை இனம் பிரிக்கக் கற்றுக்கொள்வது அவசியம். பயிற்சி செய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, இரு பக்கத் தசைகளிலும் பரவலாகத் தோன்றி, மூன்று நாளுக்குள் மறைந்துவிடும் வலி இயல்பானது. மூட்டிலோ தசைநாணிலோ ஒரே புள்ளியில் குத்தும் வலி, ஒரு பக்கம் மட்டும் வரும் வலி, வீக்கத்தோடு கூடிய வலி, காலையில் எழுந்து முதல் சில அடி வைக்கும்போது கூடும் வலி ஆகியவை உடல் தரும் எச்சரிக்கைகள். அந்த அசைவை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றைத் தொடரலாம். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ பாருங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு அவசர மருத்துவ உதவியைக் கூப்பிட வேண்டும். பெண்களுக்கு மாரடைப்பு சில வேளைகளில் நெஞ்சு வலியே இல்லாமல், குமட்டலாகவும் கடும் களைப்பாகவும் முதுகு வலியாகவும் வெளிப்படலாம். அதை அசதி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

உணவையும் உறக்கத்தையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரியவர்களுக்கான குறைந்தபட்சப் புரதத் தேவை, உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம், வலிமைப் பயிற்சி செய்பவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் பொருத்தமானது. அதை ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்வது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. ஏழு மணி நேரத்துக்குக் குறைவாக உறங்கிவிட்டு, அதிலும் ஒரு மணி நேரத்தைப் பறித்துப் பயிற்சி செய்வது நீடிக்காது. அத்தகைய நாளில் அடிமட்ட அளவை முடித்துக்கொண்டு உறங்கச் செல்வதே சரி.

ஏழாம் படி: விட்டுப்போன பிறகு திரும்புவது

எவ்வளவு கவனமாகத் திட்டமிட்டாலும் ஒரு நாள் விட்டுப்போகும். நோய் வரும், துக்கம் வரும், இடம் மாற வேண்டியிருக்கும். எனவே எப்படித் திரும்புவது என்பதைத் தொடங்கும்போதே எழுதிவைத்துக்கொள்வது நல்லது. என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதியிருப்பது இது: ஒரு வாரம் விட்டால், விட்ட இடத்திலிருந்தே தொடர்வேன். இரண்டு மூன்று வாரம் விட்டால், பாதிச் சுமையிலும் பாதி நேரத்திலும் ஒரு வாரம் செய்துவிட்டுப் பழைய அளவுக்குச் செல்வேன். ஒரு மாதத்துக்குமேல் விட்டால், அடிமட்டத்திலிருந்து தொடங்குவேன். காய்ச்சல் இருக்கும்வரை எதுவும் செய்ய மாட்டேன்; தணிந்த பிறகு சில நாள் மெதுவான நடை மட்டும். விட்டதை ஈடுகட்ட ஒரே நாளில் இரு மடங்கு செய்ய மாட்டேன்.

அடிமட்டத்திலிருந்து தொடங்குவது தோல்விபோலத் தோன்றும். ஆனால் ஒரு முறை பெற்ற வலிமை, இழந்தாலும், முதல் முறையைவிட விரைவாகத் திரும்புகிறது. நெருக்கடியான காலத்தில் பயிற்சியை முழுவதும் நிறுத்தாமல் வாரத்துக்கு ஒரு முறையாவது செய்துவந்தால், ஈட்டிய வலிமையில் பெரும்பகுதியைச் சில மாதங்களுக்குக் காப்பாற்றிக்கொள்ளவும் முடியும். என் தாயார் மருத்துவமனையில் இருந்த ஏழு வாரமும் நான் செய்தது அந்த அடிமட்டப் பத்து நிமிடம் மட்டும்தான். நடை அவருடைய அறைக்கு வெளியே இருந்த தாழ்வாரத்தில், எழுந்து அமர்தல் பார்வையாளர் நாற்காலியில். அந்த ஏழு வாரத்தை என் குறிப்பேட்டில் பார்க்கும்போது, அளவு குறைந்திருக்கிறதே தவிர வெற்றுக் கட்டம் ஒன்றுகூட இல்லை.

பன்னிரண்டாவது வாரத்தின் முடிவில், இரண்டாம் படியில் எழுதிவைத்த பக்கத்தைத் திருப்புங்கள். அதே நாற்காலி, அதே பாதை, அதே நேரத்தில் நான்கு அளவுகளையும் மீண்டும் எடுத்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். நாற்காலி எண்ணிக்கையும் நடை நேரமும் பெரும்பாலும் முதலில் மாறும். இடுப்புச் சுற்றளவு பிந்தியே மாறும். எதுவும் மாறவில்லை என்றால், முதலில் சுமை கூடியிருக்கிறதா என்றும், அடுத்து உறக்கம் போதுமா என்றும் பாருங்கள். பிறகு, கடந்த பன்னிரண்டு வாரத்தில் வந்த மோசமான வாரம் எது, அதில் அடிமட்டம் தாங்கியதா என்று கேட்டு, தாங்கவில்லை என்றால் அதை இன்னும் சிறிதாக்கி, அடுத்த பன்னிரண்டு வாரத்துக்கான பக்கத்தைத் தொடங்குங்கள்.